ஆதரவு இல்லாத பழைய போனில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்: புதிதாக ஒரு போர்ட் செய்வது எப்படி

ஸ்னாப்டிராகன் 410 சிப் போட்ட போன்கள் ஒரு காலத்தில் கடை கடையாகக் குவிந்து கிடந்தன. ரெட்மி 2, கேலக்ஸி ஏ3, வைலிஃபாக்ஸ் ஸ்விஃப்ட் என்று பட்டியல் நீளம். இவற்றில் பல இன்றைக்கும் ஆன் ஆகும், வைஃபை பிடிக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு 5 அல்லது 6, ஓஎஸ்ஸின் மையமான லினக்ஸ் கர்னலின் 3.10 பதிப்பு. கம்பெனி அப்டேட் நின்று பல வருடம் ஆகிவிட்டது. இப்படி ஒரு போனில், அதுவும் இதுவரை யாரும் கை வைக்காத மாடலில், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸை ஓட வைப்பது (இதற்குப் பெயர்தான் போர்ட்) எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் 2017-இல் பொதுவெளிக்கு வந்தது. அடித்தளம் ஆல்பைன் லினக்ஸ். ஒரு போனுக்குப் பத்து வருட ஆயுளாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆரம்பத்தில் சொன்ன இலக்கு. ஆண்ட்ராய்டை மாற்றிக் கட்டிய கஸ்டம் ரோம் என்று இதை நினைத்துவிடாதீர்கள். லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ்தான் போனிலும் ஓடும். அதனால்தான் போர்ட் செய்யும் வேலையும் வேறு மாதிரி இருக்கிறது.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடும்போது எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஃபர்ம்வேரிடம் கேட்டு கர்னலே கண்டுபிடித்துக்கொள்ளும். போனில் அது நடக்காது. வால்யூம் பட்டன் எந்த ஜிபிஐஓவில் (சிப்பின் பொதுப் பயன் பின்) இருக்கிறது, டச் சிப்புக்கு, மின்னழுத்தத்தைச் சீராக்கும் எந்த ரெகுலேட்டர் கரண்ட் தருகிறது, டிஸ்ப்ளேயை எந்தக் கட்டளை வரிசையில் எழுப்ப வேண்டும் என எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வீட்டு வயரிங் படம் மாதிரி இருக்கும் அந்த ஃபைலுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். சிப்புக்கான ஆதரவு கர்னலில் ஏற்கெனவே இருந்தால், புதிய போர்ட் என்பது பெரும்பாலும் இந்த ஒரு ஃபைலை எழுதும் வேலைதான். அதில் எழுத வேண்டிய விவரங்களில் முக்கால்வாசியை போன் கம்பெனியே பழைய கர்னலில் எழுதி வைத்திருக்கிறது. அதைத் தேடிப் படிக்கும் பொறுமை இருந்தால் போதும். பெரிய புரோகிராமராக இருக்க வேண்டியதில்லை.

முதலில் சிப், அப்புறம்தான் போன்

என்ன பிராண்ட் என்று பார்க்காதீர்கள். ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ஷெல்லில் கெட்ப்ராப் அடித்து, ஆர்ஓ.போர்டு.பிளாட்ஃபார்ம், ஆர்ஓ.ப்ராடக்ட்.டிவைஸ் என்ற இரண்டு மதிப்புகளை எடுங்கள். முதலாவது சிப், இரண்டாவது போனின் கோட்நேம். இனி எங்கே தேடினாலும் கோட்நேமை வைத்தே தேடுங்கள். கடைப் பெயரை நம்பினால் குழம்பிவிடும். ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சிப் போட்டு விற்ற கதைகள் நிறைய உண்டு.

இன்னொரு விஷயம், பின்புறம் பொறித்திருக்கும் கம்பெனி பல சமயம் அந்த போனை வடிவமைத்திருக்காது. ரெட்மி 2-ஐ வடிவமைத்தது விங்டெக். அதன் பலகைப் பெயர் டபிள்யூடி88047. வைலிஃபாக்ஸ் ஸ்விஃப்ட் என்பது லாங்சியர் நிறுவனத்தின் எல்8150 பலகை. அதே பலகை வேறு நாடுகளில் வேறு பெயர்களில் ஆண்ட்ராய்டு ஒன் போனாக விற்கப்பட்டது. எனவே உங்கள் போனுக்கு ஆதரவு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அதன் பலகைக்கு வேறு பெயரில் ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை ஒரே மாலையில் முடிந்துவிடலாம்.

சிப் எம்எஸ்எம்8916 என்று வந்தால் நிம்மதி. ஸ்னாப்டிராகன் 410-இன் உள்பெயர் அதுதான். லினக்ஸின் அதிகாரபூர்வப் பொதுக் கர்னலான மெயின்லைனில் இதற்கு நல்ல ஆதரவு இருக்கிறது, தனியாக எம்எஸ்எம்8916-மெயின்லைன் என்ற கர்னல் கிளையும் இருக்கிறது. ஸ்னாப்டிராகன் 625, 845 ஆகியவையும் பரவாயில்லை. மலிவு மீடியாடெக், ஸ்ப்ரெட்ரம் போன்கள் என்றால் என் யோசனை, முதல் போர்ட்டுக்கு அதைத் தொடாதீர்கள். கம்பெனியின் பழைய கர்னலையே வைத்து ஓட்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது இன்றைய கம்பைலரில் கட்டவே அடம்பிடிக்கும், கட்டி முடித்தாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராது. ஆண்ட்ராய்டு டிரைவர்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே உபுண்டு டச் போடும் ஹேலியம் வழியும் உண்டு. அது தனிக் கதை.

பூட்லோடரும் பேக்கப்பும்

பூட்லோடர் (ஆன் ஆனதும் ஓஎஸ்ஸை எழுப்பும் புரோகிராம்) திறக்காத போனில் இந்த வழியில் எதுவும் செய்ய முடியாது. ஃபாஸ்ட்பூட் என்பது யுஎஸ்பி வழியாகப் பூட்லோடருக்குக் கட்டளை தரும் கருவி. சில கம்பெனிகளில் ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக் என்ற ஒரே கட்டளையில் திறந்துவிடும். சிலவற்றுக்குக் கணக்கு தொடங்கி, அனுமதி வாங்கி, காத்திருக்க வேண்டும். திறக்கும்போது போனில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, அந்த மாடலுக்கு டிடபிள்யூஆர்பி என்ற மாற்று ரெக்கவரி (பழுது பார்க்கும் சிறு சிஸ்டம்) கிடைத்தால் அதை பூட் செய்யுங்கள். அதில் ஏடிபி ரூட் அதிகாரத்தோடு கிடைக்கும். 8 ஜிபி போன் என்றால் இஎம்எம்சி (போனின் உள் சேமிப்பகம்) முழுவதையும் ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடுங்கள். இடமில்லை என்றால் குறைந்தபட்சம் பூட், மோடம், மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் ஆகிய பார்ட்டிஷன்களையாவது எடுத்துவையுங்கள். ஐஎம்இஐ எண்ணும் ரேடியோ அளவீடுகளும் இவற்றில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு போனுக்கும் இவை தனித்தனி, தொலைந்தால் இன்னொரு போனிலிருந்து எடுத்துப் போட முடியாது.

தொடவே கூடாத பார்ட்டிஷன்களும் உண்டு: எஸ்பிஎல்1, அபூட், ஆர்பிஎம், டீஇசட், ஹைப். அபூட்தான் பூட்லோடர். அது கெட்டால் போன் 9008 என்ற அவசர நிலைக்குப் போகும். அங்கிருந்து மீட்க, அந்தக் கம்பெனி கையெழுத்திட்ட புரோகிராமர் ஃபைல் வேண்டும். அது எல்லா மாடலுக்கும் கிடைக்காது. இந்த வழிகாட்டியில் நாம் எழுதப்போவது பூட், யூசர்டேட்டா இரண்டில் மட்டும்தான். அந்த எல்லைக்குள் இருந்தால் போனைப் பிரிக் ஆக்குவது, அதாவது எழவே எழாத செங்கலாக்குவது, கஷ்டம்.

கம்பெனி எழுதி வைத்ததைப் படிப்பது

நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள். பின்னால் வரும் தலைவலியில் பாதி குறையும்.

பழைய ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டிமெசெஜ் (கர்னல் பதிவு) வெளியீட்டைச் சேமியுங்கள். ப்ராக் அடைவில் இருக்கும் சிஎம்டிலைன் ஃபைலைப் பாருங்கள். அதில் எம்டிஎஸ்எஸ் எம்டிபி பேனல் என்று தொடங்கும் பகுதியில் டிஸ்ப்ளே பேனலின் முழுப் பெயர் இருக்கும். ஒரே மாடலில் இரண்டு மூன்று கம்பெனிகளின் பேனல்கள் மாறி மாறி வந்திருக்கும், உங்கள் கையில் இருப்பது எது என்று சொல்வது இந்த வரிதான். ப்ராக் பஸ் இன்புட் டிவைசஸ் ஃபைலில் டச் சிப்பின் பெயரும் பட்டன்களின் பெயரும் கிடைக்கும்.

பின்பு பூட் இமேஜைப் பிரித்து, உள்ளே இருக்கும் டிவைஸ் ட்ரீயை டிடிசி கருவியால் படிக்கும்படி மாற்றுங்கள். பல போன்களில் பத்து இருபது ட்ரீகள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். சரியானதைப் பிடிக்க, ஓடும் போனின் ப்ராக் டிவைஸ்-ட்ரீ அடைவில் இருக்கும் மாடல் வரியோடு ஒப்பிடுங்கள். கிடைத்த ட்ரீயின் மேல்பகுதியில் இரண்டு வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: குவால்காம் எம்எஸ்எம்-ஐடி, குவால்காம் போர்டு-ஐடி. எம்எஸ்எம்8916-க்கு முதலாவது 206 என்று இருக்கும். இரண்டாவது பலகைக்குப் பலகை மாறும். குவால்காமின் மாதிரிப் பலகையை அப்படியே காப்பியடித்த போன்களில் 8 என்று பார்க்கலாம்.

லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், போனை விற்ற கம்பெனி கர்னல் சோர்ஸைத் தர வேண்டும். பல கம்பெனிகள் தந்திருக்கின்றன, சில தட்டிக் கழித்துவிட்டன. கிடைத்தால் வேலை சுலபம். கிடைக்காவிட்டாலும் பிரித்தெடுத்த ட்ரீயே பெரும்பாலும் போதும்.

எல்கே2என்டி

எம்எஸ்எம்8916 போன்களில் போர்ட் வேலையை எளிதாக்கியது இந்தச் சின்னக் கருவிதான். இது இரண்டாம் கட்ட பூட்லோடர். பூட் பார்ட்டிஷனில் சாதாரண ஆண்ட்ராய்டு கர்னல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கம்பெனியின் பூட்லோடர் இதை ஓர் ஆண்ட்ராய்டு என்று நம்பி எழுப்பும், இது எழுந்து நம் கர்னலை எழுப்பும். தனக்கென்று ஒரு ஃபாஸ்ட்பூட்டும் வைத்திருக்கிறது. ஃபாஸ்ட்பூட்டே இல்லாத சாம்சங் போன்களில் இது பெரிய வரம்.

உங்கள் போனுக்காக எல்கே2என்டியில் ஒரு சிறு பகுதி சேர்க்க வேண்டும். முன்பு குறித்து வைத்த 206-உம் போர்டு-ஐடியும் இங்கேதான் பயன்படும். கூடவே மாடல் பெயர், எந்த டிவைஸ் ட்ரீ ஃபைலை ஏற்ற வேண்டும் என்ற வரி, பழைய பேனல் பெயரையும் புதிய பேனல் டிரைவரின் பெயரையும் இணைக்கும் வரி. கட்டிய இமேஜை உடனே எழுதிவிடாமல், ஃபாஸ்ட்பூட் பூட் கட்டளையால் தற்காலிகமாக எழுப்பிப் பாருங்கள். திரையில் எல்கே2என்டி மெனு வந்தால் பூட் பார்ட்டிஷனில் எழுதலாம். எதுவும் வராமல் பழைய ஃபாஸ்ட்பூட்டுக்கே திரும்பிவிட்டால், ஐடி எண்கள் பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். எழுதிய பிறகு, போன் அதிர்ந்ததும் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் எல்கே2என்டியின் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போகலாம்.

பிஎம்பூட்ஸ்ட்ராப்

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இமேஜைக் கட்டவும் போனில் எழுதவும் உதவும் இது, கம்ப்யூட்டரில் ஓடும் பைத்தான் கருவி. லினக்ஸ் கம்ப்யூட்டர் வேண்டும். உபுண்டு, ஃபெடோரா எதுவானாலும் சரி. ஆல்பைன் சூழலை அது தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளும், உங்கள் சிஸ்டத்தைக் கலைக்காது.

பிஎம்பூட்ஸ்ட்ராப் இனிட் அடித்தால் கேள்வி மேல் கேள்வி கேட்கும். சேனலுக்கு எட்ஜ் (வளர்ச்சியில் இருக்கும் புதிய பதிப்பு) கொடுங்கள். வெண்டர், கோட்நேம் என்று கேட்கும்போது பட்டியலில் இல்லாத பெயரைக் கொடுத்தால், புதிய போர்ட் தொடங்கப் போகிறீர்களா என்று உறுதி கேட்கும். ஆம் என்று சொன்னால் பிராசஸர் வகை, விசைப்பலகை உண்டா, எஸ்டி கார்டு உண்டா, ஃப்ளாஷ் செய்யும் முறை எது என்று கேட்டு, பதில்களை வைத்து டிவைஸ்இன்ஃபோ, ஏபிகேபில்ட் ஆகிய ஃபைல்களை உருவாக்கும். பக்கத்து எம்எஸ்எம்8916 போன் ஒன்றின் ஃபைல்களைத் திறந்து வைத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். கர்னலுக்குத் தனிப் பேக்கேஜ் தேவையில்லை, இந்தச் சிப்புக்கு எல்லாப் போன்களும் பகிர்ந்துகொள்ளும் கர்னல் பேக்கேஜ் ஒன்று இருக்கிறது.

யூசர் இன்டர்ஃபேஸ் எது என்று கேட்கும்போது ஃபாஷ், பிளாஸ்மா மொபைல் என்று ஆசைப்படாதீர்கள். கன்சோல் போதும். 1 ஜிபி ராம் போனில் அழகான இடைமுகம் தவழும் என்பது ஒரு காரணம். டிஸ்ப்ளே வேலை செய்கிறதா என்றே தெரியாத நிலையில் பிழை எங்கே என்று தேடும் இடத்தைப் பெருக்க வேண்டாம் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

டிவைஸ் ட்ரீ ஃபைல்

கர்னல் கிளையை இறக்கி, ஆர்ச் ஏஆர்எம்64 பூட் டிடிஎஸ் குவால்காம் அடைவுக்குப் போங்கள். உங்கள் போனுக்கு நெருக்கமான ஒன்றின் டிடிஎஸ் (டிவைஸ் ட்ரீ சோர்ஸ்) ஃபைலை நகலெடுத்து, அதிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மிகக் குறைந்தபட்சத்தை மட்டும் விடுங்கள்: மாடல் பெயர், பட்டன்கள், இஎம்எம்சி, எஸ்டி கார்டு, யுஎஸ்பி. முதல் பூட்டுக்கு இவ்வளவுதான் வேண்டும். டச், சென்சார் எல்லாவற்றையும் முதல் நாளே எழுதிவிட்டு, பூட் ஆகவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

இந்தச் சிப்பில் ஓர் ஆறுதல் உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் குவால்காமின் மாதிரி வடிவமைப்பிலிருந்து அதிகம் விலகவில்லை. வால்யூம் கூட்டும் பட்டன் ஜிபிஐஓ 107-இல், குறைக்கும் பட்டன் பவர் சிப்பின் ரீசெட் உள்ளீட்டில், எஸ்டி கார்டு செருகியதைச் சொல்லும் பின் 38-இல், யுஎஸ்பி ஐடி 110-இல் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். இருந்தாலும் ஒவ்வொன்றையும் பழைய ட்ரீயோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். ரெகுலேட்டர் மின்னழுத்தங்களை மட்டும் ஊகிக்கவே வேண்டாம். 1.8 வோல்ட் வாங்கும் சிப்புக்கு 2.85 கொடுத்தால் மென்பொருளால் அதைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது.

பிஎம்பூட்ஸ்ட்ராப்போடு வரும் என்வ்கர்னல் ஸ்கிரிப்டை ஏற்றிக்கொண்டால் சாதாரண மேக் கட்டளையிலேயே கர்னல் கட்டலாம். கட்டியதைப் பேக்கேஜாக்கி, பிஎம்பூட்ஸ்ட்ராப் இன்ஸ்டால் அடித்து இமேஜ் உருவாக்கி, எல்கே2என்டியின் ஃபாஸ்ட்பூட் வழியாக யூசர்டேட்டாவில் எழுதுங்கள்.

முதல் பூட்

போனின் திரையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பேனல் டிரைவர் இன்னும் இல்லை, அதனால் திரை கறுப்பாகவே இருக்கலாம். பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரின் டிமெசெஜ். யுஎஸ்பியில் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு முளைத்தால் வெற்றி. போனின் முகவரி 172.16.42.1. எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக டெர்மினலில் நுழையும் வழி) செய்து, இன்ஸ்டால் செய்தபோது கொடுத்த பாஸ்வேர்டை அடித்தால் உள்ளே போய்விடலாம்.

நெட்வொர்க் வரவில்லை என்றால், டீபக்-ஷெல் ஹுக்கை (பூட்டின் நடுவில் ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) சேர்த்து இமேஜை மறுபடி கட்டுங்கள். ரூட் ஃபைல்சிஸ்டத்தைத் தேடப் போவதற்கு முன்பே பூட் நின்று, யுஎஸ்பி வழியாக டெல்நெட்டில் ஒரு ஷெல் தரும். அதுவும் வராவிட்டால் கர்னல் அதற்கு முன்பே விழுகிறது என்று அர்த்தம். ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் லாக் (எல், ஓ, ஜி: பதிவு என்ற பொருளில்; பூட்டும் லாக் அல்ல) என்று அடித்து, தொடர்ந்து கெட்_ஸ்டேஜ்டு கொடுத்தால் எல்கே2என்டி தன் பதிவுகளைத் தரும். எந்த டிவைஸ் ட்ரீயைத் தேர்ந்தெடுத்தது என்று அதில் தெரியும். சில நொடிகளில் தானாக ரீபூட் ஆனால், ரிசர்வ்டு மெமரி முகவரிகளை முதலில் சந்தேகப்படுங்கள். மோடத்துக்கும் சிப்பின் பாதுகாப்புப் பகுதியான டிரஸ்ட்சோனுக்கும் ஒதுக்கிய நினைவகத்தைக் கர்னல் தொட்டால் ஃபர்ம்வேர் போனை அணைத்துவிடும், கர்னல் பதிவில் ஒரு வார்த்தைகூட மிஞ்சாது.

டிஸ்ப்ளேயும் டச்சும்

பேனலுக்கு டிரைவரைக் கையால் எழுத வேண்டாம். பழைய டிவைஸ் ட்ரீயைக் கொடுத்தால் பேனல் டிரைவரையே உருவாக்கித் தரும் ஜெனரேட்டர் ஸ்கிரிப்ட் எம்எஸ்எம்8916 குழுவினரிடம் இருக்கிறது. அது தரும் சி ஃபைலைக் கர்னலில் சேர்த்து, டிடிஎஸ்ஸில் ரீசெட் பின்னையும் மின்சாரத்தையும் இணைத்தால் பெரும்பாலும் முதல் முறையே படம் வரும். ஸ்கிரீன் அணைத்துத் திரும்ப எழுப்பும்போது வராவிட்டால், ரீசெட் வரிசையிலும் காத்திருக்கும் நேரத்திலும் பாருங்கள்.

டச் எப்படி என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பழைய ட்ரீயில் ஃபோக்கல்டெக் அட் 38 என்று ஒரு பகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 38 என்பது ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) முகவரி, ஹெக்ஸ் எண். அதற்குள் இன்டரப்ட் ஜிபிஐஓ 13, ரீசெட் ஜிபிஐஓ 12 என்று இருக்கும். கரண்ட் எல்17, எல்6 என்ற ரெகுலேட்டர்களிலிருந்து வரும். முதலில் போனில் ஐ2சிடிடெக்ட் ஓட்டி, ஐந்தாவது பஸ்ஸில் 38 தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் சிப்புக்குக் கரண்ட் போகவில்லை அல்லது ரீசெட்டிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தால் மெயின்லைனில் ஃபோக்கல்டெக் 5எக்ஸ்06 குடும்பத்தைக் கவனிக்கும் ஈடிடி டிரைவரின் பெயரை கம்பாட்டிபிள் வரியில் போட்டு, அதே பின்களை எழுதி, அகலம் 720, உயரம் 1280 என்று கொடுங்கள். மறுபடி பூட் செய்து ஐ2சிடிடெக்ட் ஓட்டினால் 38 இருந்த இடத்தில் யூயூ என்று வரும். டிரைவர் சிப்பைப் பிடித்துவிட்டது. அப்புறம் இவிடெஸ்ட் ஓட்டி, திரையின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். எண்கள் தலைகீழாக வந்தால் இன்வெர்டட் வரி ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும்.

முகவரி ஹெக்ஸில் 5டி அல்லது 14 என்றால் குடிக்ஸ், 20 என்றால் பெரும்பாலும் சினாப்டிக்ஸ். வழி இதேதான்.

வைஃபை, மோடம், கால்

வைஃபை சிப் பெரும்பாலும் டபிள்யூசிஎன்3620. டிடிஎஸ்ஸில் ஐரிஸ் பகுதியில் அந்தப் பெயரைப் போட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், 5 கிகாஹெர்ட்ஸ் தேடாதீர்கள். ஃபர்ம்வேர் ஃபைல்களில் கம்பெனியின் கையெழுத்து இருப்பதால் இன்னொரு போனுடையது இங்கே வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் எம்எஸ்எம்-ஃபர்ம்வேர்-லோடர் என்ற பேக்கேஜ், போனின் சொந்த மோடம், பெர்சிஸ்ட் பார்ட்டிஷன்களிலிருந்தே அவற்றை எடுத்துக்கொள்கிறது. அவற்றை அழிக்காமல் விட்டதற்குப் பலன் இங்கே கிடைக்கும். கிராஃபிக்ஸில் சிக்கல் குறைவு. அட்ரினோ 306-ஐ ஃப்ரீட்ரீனோ டிரைவர் நன்றாகவே ஓட்டுகிறது. கேமராவை எதிர்பார்க்காதீர்கள்.

கால் பேசுவதற்காக இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் போன்களில் எஸ்எம்எஸ், டேட்டா, 2ஜி-3ஜி வழியிலான கால் வரை கொண்டுவர முடிகிறது, 4ஜி வழியிலான காலான வோல்ட்இ-யை நம்ப முடியாது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, அதனால் ஜியோ சிம் போட்டால் டேட்டா மட்டும்தான். வீட்டில் சின்ன சர்வராகவோ, பாட்டு ஓட்டும் பெட்டியாகவோ வைத்துக்கொள்வதுதான் இதற்கு நல்ல உபயோகம்.

சார்ஜிங் வேலை செய்வதை உறுதிப்படுத்தாமல் போனைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தைப் பழைய ட்ரீயிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஏற்கெனவே உப்பிய பேட்டரி என்றால் இந்தப் போனை விட்டுவிட்டு வேறு எடுங்கள்.

அனுப்பி வைப்பது

உங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும் போர்ட் அடுத்த கர்னல் வரும்போது உடையும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பேக்கேஜ்கள் இருக்கும் பிஎம்ஏபோர்ட்ஸ் களஞ்சியத்தில் டெஸ்டிங் அடைவில் டிவைஸ் பேக்கேஜைச் சேர்த்து மெர்ஜ் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கை) கொடுங்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று விக்கி பக்கத்தில் மறைக்காமல் எழுதுங்கள். டிடிஎஸ்ஸை முதலில் எம்எஸ்எம்8916-மெயின்லைன் கிளைக்கு அனுப்புங்கள். அவர்கள் திருத்திய பிறகு கர்னல் மெயிலிங் லிஸ்ட்டுக்குப் போகலாம்.

அங்கே கொஞ்சம் கெடுபிடி உண்டு. பலகைப் பெயர்களைப் பட்டியலிடும் குவால்காம் பைண்டிங்ஸ் ஃபைலில் உங்கள் போனின் பெயரைத் தனி பேட்சாக, அதாவது தனித் திருத்தமாக, சேர்க்க வேண்டும். செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டும் மேக் டிடிபிஎஸ்_செக்கும் புதிய எச்சரிக்கை தரக் கூடாது. பகுதிகள் அகர வரிசையில் இருக்க வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். முதல் பதிப்பு அப்படியே ஏற்கப்படுவது அபூர்வம், இரண்டு மூன்று முறை திருத்தி அனுப்பத் தயாராக இருங்கள். சொல்லும் திருத்தம் கறாராக இருந்தாலும் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். உடனே பதில் வரவில்லை என்றால் ஓரிரு வாரம் பொறுத்துவிட்டு நினைவூட்டுங்கள். பேட்ச் மெயின்லைனில் சேர்ந்த பிறகு, பிஎம்ஏபோர்ட்ஸில் டெஸ்டிங்கிலிருந்து கம்யூனிட்டி அடைவுக்கு உயர்த்தும்படி கேட்கலாம். அதற்குப் போனைத் தொடர்ந்து பராமரிக்கும் ஒருவர் வேண்டும். அநேகமாக அது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.